சங்கத்திலிருந்து பெயர் வெட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையில், மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஒரு மரண உதவிச் சங்கத்துக்கு 18 வருடம் செயலாளராக இருந்தேன். இப்போது பொறுப்பில் இல்லை. ஆனாலும் மாதத்தில் இரண்டு மூன்று பேராவது கொப்பியும் கையுமாக வீட்டுக்கு வந்து இதே விசயத்தைத்தான் கேட்கிறார்கள்: ஒருவரைச் சங்கத்திலிருந்து எப்படி நீக்குவது, நீக்கப்பட்டவர் எங்கே போவது. விளையாட்டுக் கழகம், மாதர் சங்கம், கமக்காரர் அமைப்பு, மீனவர் சங்கம் என்று ஆட்கள் மாறினாலும் சிக்கல் ஒன்றுதான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதியிருக்கிறேன். பதில்கள் நான் பட்டறிந்ததும் படித்தறிந்ததும்.

யாப்பு யாப்பு எண்டுறீங்க. அது என்ன, எங்கட சங்கத்துக்கும் இருக்குமா?

சங்கம் தொடங்கின நாளில் எழுதி ஏற்றுக்கொண்ட விதிகள்தான் யாப்பு. யார் சேரலாம், சந்தா எவ்வளவு, எத்தனை பேர் வந்தால் கோரம், என்ன காரணத்துக்காக ஒருவரை நீக்கலாம், யார் நீக்கலாம் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். தலைவரின் வாயில் வருவது விதி இல்லை. போன வருடம் அப்படித்தான் செய்தோம் என்பதும் விதி இல்லை.

செயலாளரிடம் பிரதி இல்லாவிட்டால் பதிவு செய்த இடத்தில் கேளுங்கள். கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமும் என்றால் பிரதேச செயலகத்தில் இருக்கும் கிராம அபிவிருத்தி உத்தியோகத்தர், கமக்காரர் அமைப்பு என்றால் கமநல சேவை நிலையம், கூட்டுறவுச் சங்கம் என்றால் கூட்டுறவுத் திணைக்களம். எடுத்ததும் ஒரு தடவை முழுதாக வாசியுங்கள். பக்கத்து ஊர் யாப்பைப் பார்த்து எழுதி, அந்த ஊரின் பெயரைக்கூட மாற்றாமல் விட்ட யாப்புகளைக் கண்டிருக்கிறேன்.

ஒராள் கூட்டத்துக்கும் வாறதில்ல, சந்தாவும் கட்டுறதில்ல. பெயர வெட்டலாம்தானே?

யாப்பில் அப்படி இருந்தால் வெட்டலாம். ஆனால் அந்த விதியை முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை வாசித்த பிறகு வெட்டுங்கள். இதை நான் அனுபவித்துச் சொல்கிறேன்.

2011 ஜனவரி வெள்ளத்தில் வயல் முழுவதையும் இழந்த ஒருவர் எங்கள் சங்கத்தில் ஐந்து மாதம் சந்தா கட்டவில்லை. மூன்று மாதம் கட்டாதவர் அங்கத்துவத்தை இழப்பார் என்று யாப்பில் இருந்தது. கூட்டத்தில் ஒருவர் பேச்செடுத்தார், மற்றவர்கள் தலையாட்டினார்கள், நான் சிவப்புப் பேனையால் அவர் பெயருக்கு மேலே கோடு போட்டேன். அடிமட்டம் வைத்து நேராகப் போட்ட கோடு. ஆறு கிழமைக்குப் பிறகு அவருடைய தாயார் காலமானார். பந்தலுக்குத் தகரமும் கதிரையும் கேட்டு மகன் வந்தபோது பொருளாளர் கொப்பியை விரித்துக் காட்டினார். பெயர் வெட்டியது அந்தக் குடும்பத்துக்கு அப்போதுதான் தெரியும். அந்தப் பையன் ஒன்றும் கதைக்கவில்லை, கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். யாப்பை எடுத்துப் பார்த்தால் அதே விதியின் அடுத்த வரியில் 'எழுத்தில் முன்னறிவித்தல் கொடுத்த பின்' என்று கிடக்கிறது. அந்த வரியை நான் வாசிக்கவே இல்லை.

கதிரைகளை அன்றிரவே அனுப்பினோம். அதற்காக நான் செய்தது சரியாகிவிடாது. சந்தா கட்டாதவருக்கு முதலில் கடிதம், பிறகு தவணை, பிறகு ஏன் கட்டவில்லை என்ற கேள்வி, அதற்குப் பிறகுதான் தீர்மானம்.

வாட்ஸ்அப்பில போட்டா காணாதா? கடிதம் எதுக்கு?

யாப்பு அதை அறிவித்தலாக ஏற்றுக்கொண்டால் காணும். இல்லாவிட்டால் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள், அல்லது பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைக் கொப்பியில் ஒட்டி வையுங்கள். என்ன குற்றச்சாட்டு, யாப்பின் எந்த விதி, விசாரணை எந்த நாள் எங்கே, வராவிட்டால் என்ன நடக்கும் என்பவை கடிதத்தில் இருக்க வேண்டும். 'சங்கத்துக்கு விரோதமாக நடந்தமைக்காக' என்று மொட்டையாக எழுதினால் அவர் எதற்குப் பதில் சொல்வார்?

எல்லோரும் பார்க்கும் குழுவில் ஒருவரின் பெயரைப் போட்டுக் குற்றம் சாட்டுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். அதை அவர் மட்டுமா பார்க்கிறார்? வெளிநாட்டில் இருக்கும் அவருடைய பிள்ளைகளும் பார்க்கிறார்கள்.

அவர் செய்தது ஊருக்கே தெரியும். பிறகேன் விசாரணை?

ஊருக்குத் தெரிந்தது ஒரு பக்கம் மட்டும்தான். இயற்கை நீதி என்று சட்டத்தரணிகள் சொல்வதில் இரண்டு விசயம் அடங்கும்: இரண்டு தரப்பையும் கேட்காமல் முடிவு சொல்லக்கூடாது; தன்னுடைய பிணக்கில் தானே நீதிபதியாக இருக்கக்கூடாது. யாப்பில் எழுதியிருந்தாலும் எழுதாவிட்டாலும் ஒருவரை நீக்கும் எந்தச் சபையிடமும் இதை எதிர்பார்ப்பார்கள்.

ஒரு கழகத்தில் கிரிக்கெட் சாமான் வாங்கக் கொடுத்த காசை ஒரு பொடியன் அடித்துவிட்டான் என்று கதை. நீக்கத் தயாராகிவிட்டார்கள். கேட்டுப் பார்ப்போம் என்று கூப்பிட்டபோது அவன் பேர்ஸிலிருந்து நாலாக மடித்த துண்டு ஒன்றை எடுத்தான். காசைத் திருப்பிப் பெற்றுக்கொண்டேன் என்று பொருளாளர் எழுதிக் கையெழுத்து வைத்த துண்டு. பொருளாளர் கொப்பியில் பதிய மறந்துவிட்டார். கூப்பிடாமல் விட்டிருந்தால் 19 வயதுப் பிள்ளைக்குக் கள்ளன் என்ற பெயர் நிலைத்திருக்கும்.

குற்றம் சாட்டினவரே விசாரணைக் குழுவில இருக்கலாமா?

கூடாது. மேலே சொன்ன இரண்டாவது விசயம் இதுதான். அவர் சாட்சி சொல்லலாம், தீர்ப்புச் சொல்லக்கூடாது. எங்கள் ஊர்களில் இன்னொரு சங்கடம் உண்டு. யாரைப் பார்த்தாலும் மாமன், மச்சான், ஒரே குடி (தாய்வழிக் குலம்). உறவில்லாத மூன்று பேரைத் தேடினால் கிடைக்கமாட்டார்கள். அதனால் நெருங்கிய உறவையும் காணிப் பிணக்கு, கடன் பிணக்கு உள்ளவர்களையும் விலக்கி, மிச்சப் பேரில் இரண்டு தரப்பும் ஒத்துக்கொள்ளும் ஆட்களைப் போடுங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரைப் பக்கத்து ஊரிலிருந்து கூப்பிட்டாலும் பிழையில்லை.

நீக்கிறதுக்கு முன்னால வேற என்ன செய்யலாம்?

நிறையச் செய்யலாம். தலைவர் வீட்டுக்குப் போய்த் தனியே கதைப்பது, எழுத்தில் எச்சரிப்பது, சிறு தண்டம், சில மாதத்துக்கு வோட்டுரிமையை நிறுத்துவது, பதவியிலிருந்து மட்டும் இறக்குவது. நீக்குவது இதெல்லாம் செய்து பார்த்த பிறகுதான்.

பொதுச் சொத்தைத் தாங்களே பராமரிக்கும் குழுக்களை உலகம் முழுக்க ஆராய்ந்து 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற எலினோர் ஒஸ்ட்ரொம் இதைத்தான் கண்டார். நீண்ட காலம் நின்றுபிடித்த குழுக்களில் முதல் பிழைக்குத் தண்டனை மிகச் சிறியது. பிழை கூடக் கூடத் தண்டனையும் படிப்படியாகக் கூடும். அவர் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் நம்முடைய அம்பாறைக் கல்லோயாத் திட்டமும் ஒன்று. 1980களின் தொடக்கத்தில் இடதுகரையில் வாய்க்கால் வாரியாக விவசாயிகளைக் குழுக்களாகச் சேர்த்தார்கள். அதுவரை தண்ணீருக்காக அடிபட்ட இடத்தில் முறைவைத்துப் பாய்ச்சத் தொடங்கினார்கள். தலைவாய்க்காலில் பெரும்பாலும் சிங்களவர், கடைவாய்க்காலில் தமிழ் பேசும் மக்கள். மேலே இருப்பவர்கள் தங்கள் வாய்க்கால் கதவை இறக்கிக் கீழே தண்ணீர் விட்டார்கள். ஒரே வாய்க்காலில் நாளைக்கும் முகம் பார்க்க வேண்டியவனை எடுத்த எடுப்பில் துரத்தமுடியாது. மரண உதவிச் சங்கத்திலும் அப்படித்தான்.

தண்டம் அறவிட ஏலுமா?

யாப்பில் தொகையோ உச்ச அளவோ எழுதியிருந்தால் ஏலும். பற்றுச்சீட்டு கொடுக்க வேண்டும், காசு சங்கக் கணக்கில் வைப்பில் இட வேண்டும். கட்டாதவரின் வீட்டுக்குப் போய்ச் சைக்கிளையோ வலையையோ தூக்கி வர எந்தச் சங்கத்துக்கும் அதிகாரம் இல்லை. அப்படித் தூக்கினால் பொலிஸில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

வெறியில வந்து கூட்டத்தக் குழப்புறவர அந்த நேரமே வெளியேத்தலாமா?

அந்தக் கூட்டத்திலிருந்து வெளியேறச் சொல்லத் தலைவருக்கு அதிகாரம் உண்டு. அதைக் கூட்டக் குறிப்பில் எழுதுங்கள். ஆனால் அது நீக்கம் இல்லை, அடுத்த கூட்டத்துக்கு அவர் வரலாம். நீக்க வேண்டுமென்றால் கடிதத்திலிருந்து தொடங்குங்கள். வெறி முறிந்த பிறகு கேட்டால் அநேகமாக மன்னிப்புக் கேட்பார். அதையும் எழுதுங்கள்.

கை உயர்த்தியா வோட்டு எடுக்கிற, சீட்டிலயா?

ஒருவரை நீக்கும் தீர்மானம் என்றால் சீட்டில் எடுங்கள். கை உயர்த்தச் சொன்னால் பெண் கொடுத்தவர், கடன் வாங்கினவர், பக்கத்து வளவுக்காரர் எல்லோரும் யார் பார்க்கிறார் என்று பார்த்துத்தான் கை தூக்குவார்கள். மூன்றில் இரண்டு என்று யாப்பில் இருந்தால் வந்தவர்களில் மூன்றில் இரண்டா, முழு அங்கத்தவர்களில் மூன்றில் இரண்டா என்பதை முதலே பாருங்கள். இந்த ஒரு சொல்லில் இடறி விழுந்த தீர்மானங்கள் பல. நீக்கப்படுபவர் தன் பக்கத்தைச் சொல்லி முடித்த பிறகு வெளியே நிற்கட்டும்; வோட்டு எண்ணிக்கையை உள்ளே கூப்பிட்டு அவர் முன்னால் சொல்லுங்கள்.

தலைவரே கணக்குக் காட்டாட்டி என்ன செய்யிற?

அவர் அந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கக்கூடாது. எத்தனை அங்கத்தவர் கையெழுத்து வைத்தால் விசேட பொதுக்கூட்டம் கூட்டலாம் என்று யாப்பில் பாருங்கள். கையெழுத்துகளைச் சேர்த்துச் செயலாளரிடம் கொடுங்கள். அவர் கூட்டாவிட்டால் பதிவு செய்த அலுவலகத்துக்குப் பிரதி அனுப்புங்கள். கணக்கைப் பார்க்க வெளியாள் ஒருவர் வேண்டும். காசு உண்மையிலேயே போயிருந்தால் அது பொலிஸ் முறைப்பாடு. பெயரை வெட்டிவிட்டோம், விசயம் முடிந்தது என்று விட்டால் போன காசு போனதுதான்.

கணக்குக் கேட்பது மரியாதைக் குறைவு என்று இன்னும் சிலர் நினைக்கிறார்கள். பராந்தக சோழன் காலத்தில், 919இலும் 921இலும் தமிழ்நாட்டு உத்திரமேரூரில் கல்லில் வெட்டிய விதியைப் பாருங்கள். வாரியம் என்ற ஊர்ச்சபைக் குழுவில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடவோலைக்கு, அதாவது ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு ஆள் தெரியும் தேர்தலுக்கு, எழுதக்கூடாது, அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் எழுதக்கூடாது. ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்னால் தமிழில் எழுதி வைத்த விதி இது.

விசாரணைக்கு முதலே ராஜினாமாக் கடிதம் தந்திட்டார். இனி ஒண்டும் செய்ய ஏலாதா?

அங்கத்துவம் முடிகிறது, பொறுப்பு முடிவதில்லை. கையில் இருந்த காசு, கொப்பி, அலுமாரிச் சாவி, கதிரை எல்லாவற்றையும் பட்டியல் போட்டுக் கேளுங்கள். விசாரணை தொடங்கிய பிறகு ராஜினாமா செய்தார் என்று கூட்டக் குறிப்பில் எழுதுங்கள். அவர் குற்றவாளி என்று எழுதாதீர்கள், அது நிரூபிக்கப்படவில்லை.

புருசன் செய்த பிழைக்கு மனிசியையும் மாதர் சங்கத்தால நிப்பாட்டிட்டாங்க. சரியா?

பிழை. உத்திரமேரூரில் உறவினரையும் விலக்கினார்களே என்று கேட்பீர்கள். அது பதவிக்கு, அங்கத்துவத்துக்கு இல்லை. அந்தப் பெண் எந்த விதியை மீறினார் என்று எழுத முடியாவிட்டால் அவரை நீக்கவும் முடியாது. மாதர் சங்கத்தில் இவருடைய சேமிப்பும் சுழற்சிக் கடனும் கிடக்கிறது. புருசனோடு உள்ள கோபத்தை அதில் தீர்ப்பது அநியாயம்.

கமக்காரர் அமைப்பால நீக்கினா அவர்ர வயலுக்குத் தண்ணிய மறிக்கலாமா?

மறிக்கக்கூடாது. அங்கத்துவம் வேறு, தண்ணீர் வேறு. பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் முன்னால் நடக்கும் ஆரம்பக் கூட்டத்தில் தண்ணீர் திறக்கும் நாள், விதைப்பு முடிக்கும் நாள், மாடு அகற்றும் நாள் எல்லாம் தீர்மானிக்கிறார்கள். 1946ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அந்தத் தீர்மானத்துக்குச் சட்டபலம் உண்டு. அங்கத்தவர் இல்லாதவரையும் அது கட்டுப்படுத்தும், அங்கத்தவர் இல்லாதவருக்கும் தண்ணீர் உண்டு. உன்னிச்சைக் குளத்திலும் நவகிரிக் குளத்திலும் இதே நடைமுறைதான்.

அவர் தீர்மானத்தை மீறினால், மாட்டைக் கட்டாக்காலியாக விட்டால், வரம்பை வெட்டினால் வயல்வெளிக்குப் பொறுப்பான வட்டை விதானை ஊடாக உத்தியோகத்தர்களுக்கு அறிவியுங்கள். கதிர் வெளிவர முன் குடலைப் பருவத்தில் நிற்கும் பயிருக்குத் தண்ணீரை மறித்தால் நட்டம் ஒரு போகம் முழுக்க. அதற்கு அமைப்பின் எந்த விதியும் இடம் கொடுக்காது.

தங்கூசி வலை போட்டவர மீனவர் சங்கத்தால நீக்கினம். அவர் இன்னும் போடுறார். நீக்கி என்ன பிரயோசனம்?

சங்கம் அங்கத்துவத்தை மட்டும்தான் எடுக்கலாம், வாவியை எடுக்க முடியாது. தங்கூசி வலை, அதாவது ஒற்றை நைலோன் இழையால் பின்னிய வலை, சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. அதனால் கடற்றொழில் பரிசோதகரிடம் எழுத்தில் முறையிடுங்கள். வலையைச் சங்கமே பிடித்து எரிக்கப் போகாதீர்கள். ஏன் என்று தண்டத்தைப் பற்றிய பதிலில் சொல்லியிருக்கிறேன். அவரை உள்ளே வைத்துக்கொண்டு வலை மாற்றக் கடன் கொடுத்தால் என்ன என்றும் ஒரு தடவை யோசித்துப் பாருங்கள்.

அவர்ர வீட்டு நல்லது கெட்டதுக்கு ஒருத்தரும் போகக்கூடாது எண்டு தீர்மானம் எடுக்கலாமா?

முடியவே முடியாது. இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கொதிக்கும். சங்கத்தின் அதிகாரம் சங்கக் கொப்பியோடு முடிகிறது. யார் யாரோடு கதைப்பது, யார் வீட்டில் சாப்பிடுவது, எந்தப் பிரேதத்துக்குத் தோள் கொடுப்பது என்பதைத் தீர்மானிக்க எந்தக் கூட்டத்துக்கும் உரிமை இல்லை. அப்படி ஒரு தீர்மானத்தைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொன்னால் செயலாளர் மறுக்க வேண்டும். என்னிடம் ஒரு தடவை சொன்னார்கள். பேனையை மூடி வைத்துவிட்டு எழும்பினேன்.

இதில் சாதி கலந்திருந்தால் அது குற்றமும்கூட. சாதியின் பேரில் ஒருவருக்குச் சமூகத் தடை போடுவதை 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் தண்டனைக்குரியதாக்கியிருக்கிறது.

என்னப் பிழையா நீக்கிட்டாங்க. நான் எங்க போற?

முதலில் நீக்கியதற்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். நிர்வாகசபை நீக்கியிருந்தால் பொதுச்சபைக்கு மேன்முறையீடு செய்யுங்கள். அதுவும் சரிவராவிட்டால் முதல் பதிலில் சொன்ன பதிவு அலுவலகம். கூட்டுறவுச் சங்கம் என்றால் 1972ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்திலேயே அங்கத்தவருக்கும் சங்கத்துக்கும் இடையிலான பிணக்கைத் தீர்க்க வழி இருக்கிறது. பதிவில்லாத சங்கமென்றால் மத்தியஸ்த சபைக்குப் போகலாம். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த சபை அது. நீங்கள் ஒருவரையும் மற்றத் தரப்பு ஒருவரையும் தெரிய, அந்த இருவரும் மூன்றாமவரைத் தெரிவார்கள். சட்டத்தரணி வரமுடியாது. ஊர்ப் பிணக்குக்கு அது நல்ல இடம், ஏனென்றால் அங்கே தீர்ப்புச் சொல்வதில்லை, இணக்கப்படுத்துகிறார்கள்.

கடைசி வழி நீதிமன்றம். சங்கம் தன் விதியைத் தானே விளங்கிக்கொண்டது, வெளியாள் கேட்கக்கூடாது என்று சில தலைவர்கள் சொல்வார்கள். இங்கிலாந்தில் திருவிழாக் களியாட்டக்காரர்களின் சங்கம் லீ என்பவருக்கு 100 பவுண் தண்டம் போட்டது. அவர் கட்டாததால் அங்கத்துவத்தையும் பறித்தது. சங்கம் தன் விதியையே பிழையாக விளங்கிக்கொண்டது, ஆகவே நீக்கம் செல்லாது என்று 1952இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. தொழிலே அந்த அங்கத்துவத்தில் தங்கியிருக்கும்போது நீதிமன்றம் கண்ணை மூடாது.

நீக்கினா அவர் கட்டின காசு திருப்பிக் குடுக்கணுமா?

சந்தாவும் சேமிப்பும் வேறு. சந்தா அந்தந்த மாதப் பாதுகாப்புக்குக் கட்டியது, யாப்பு வேறு மாதிரிச் சொல்லாவிட்டால் திரும்பாது. சேமிப்பும் கூட்டுறவுப் பங்குப்பணமும் அவருடைய காசு. கடன் ஏதும் இருந்தால் கழித்து மிச்சத்தைக் கணக்கோடு கொடுங்கள்.

நீக்கினவர் திரும்ப வந்து சேர ஏலுமா?

யாப்பு தடுக்காவிட்டால் ஏலும். எவ்வளவு காலத்துக்குப் பிறகு, நிலுவையில் எவ்வளவு கட்டிய பிறகு, யார் ஒப்புதலோடு என்பதை நீக்கும் தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள். காலம் குறிக்காத நீக்கம்தான் பகையாகிறது. அவர் பையன் கேட்டான், இவர் தங்கச்சி கேட்டாள் என்று பத்து வருடத்துக்கு இழுபடும்.

கொப்பியில் எதையும் அழிக்காதீர்கள், வெள்ளை மையும் பூசாதீர்கள். பிழையான பதிவென்றால் பக்கத்தில் திருத்தத்தை எழுதித் திகதி போட்டு இரண்டு பேர் கையெழுத்து வையுங்கள். வெள்ளத்தில் வயல் இழந்தவரைப் பற்றிச் சொன்னேனே, அவருடைய தாயாரின் 31ஆம் நாள் முடிந்த பிறகு பொதுக்கூட்டத்தில் எழும்பி என் பிழையைச் சொன்னேன். சிவப்புக் கோடு அப்படியே கிடக்கிறது. அதன் பக்கத்தில் 'முன்னறிவித்தல் கொடுக்கப்படவில்லை, நீக்கம் செல்லாது' என்று நீல மையில் எழுதி, நானும் பொருளாளரும் கையெழுத்து வைத்திருக்கிறோம். மூன்றாவது கையெழுத்து அவருடையது.